தேநீர்க் கடையும் கணிப்பொறியும்

நிறுவனம் வளர வளர, அதை நடத்துவோரின் கண்ணுக்கு எட்டாதவையும் பெருகுகின்றன. அவற்றை உரிய வேளையில் எட்டச் செய்வதே மேலாண்மைத் தகவல் முறை. பெயர்தான் நீளம்; செய்தி எளிது!

இங்கிலாந்தில் லயன்ஸ் நிறுவனம் ஏராளமான தேநீர்க் கடைகளை நடத்தி வந்தது. ரொட்டியும் கேக்கும் மிஞ்சினால் வீண். குறைந்தாலோ வந்தவர் வெறுங்கையோடு திரும்புவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் எட்சாக் இயந்திரத்தைப் பின்பற்றி இந்நிறுவனம் 'லியோ' என்னும் கணிப்பொறியை அமைத்தது. 1951 நவம்பரில் ரொட்டிச்சாலைக் கணக்கை ஏற்ற லியோவே, அன்றாட வணிக அலுவலில் ஈடுபட்ட முதற் கணிப்பொறி எனலாம்.

பின்னர், 1954-இல் கடைகளின் தேவைப் பட்டியலும் அதனிடம் வந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. கடையை நடத்திய பெண்மணி, தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் தெரிவிப்பார். அது அட்டையில் துளைகளாகி இயந்திரத்துக்குச் செல்லும். இந்த 'மட்டும்' என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது என்போம். எல்லாவற்றையும் கொட்டினால் மேலாளர் காகிதத்தில் மூழ்குவார். மாறியதைச் சொன்னால் முடிவெடுப்பார்.

ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எழுத்தருக்கு 8 நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை வினாடி! ஆனால் கடையிலிருந்து வரும் எண் பிழையானால், பிழையும் அதே வேகத்தில் பரவுமன்றோ? ஆதலால் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுவோருக்குப் பொறுமையும் தெளிவும் வேண்டியிருந்தன. 1952-இல் அப்பணியில் சேர்ந்தவர்களுள் மேரி கூம்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். கல்லூரியில் அவர் படித்ததோ, கணிதமன்று, பிரெஞ்சு மொழி!