மணிக்கணக்கு இல்லாத பில்

வழியில் நிற்கும் யாத்திரை வேனுக்கு மெக்கானிக் கேட்கும் கூலி எதை வைத்து?

சனி, ஞாயிறுகளில் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்கு வரும் வண்டிகளில் தமிழ்நாடு, கர்நாடகப் பதிவு எண்களுக்குக் குறைவில்லை. மாலை சூடிய புதுக் கார்கள் பூஜைக்கு நிற்கும். அவற்றைத் தாண்டினால் டூரிஸ்ட் வேன்கள். கேரியரில் காஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. உள்ளே பாட்டி முதல் பேரன் வரை. அமெரிக்காவில் கட்டில், சமையலறையோடு ஊர் சுற்றும் மோட்டார் வீடுகள் உண்டு. நம் நடுத்தரக் குடும்பத்தின் மோட்டார் வீடு இந்த வேன்தான். வேலூர் பொற்கோயில், காணிப்பாக்கம், திருப்பதி, காளஹஸ்தி என்று ஒரே மூச்சில் சுற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

நடுவில் கிளட்ச் தீய்ந்தால் கதையே மாறிவிடுகிறது. சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதை. திருப்பதியில் திருமலை ஏற்றம். ஆள் நிறைந்த வேனுக்கு இரண்டுமே சோதனை. வண்டி நின்றதும் மூன்று பேர் பேரத்தில் இறங்குகிறார்கள். மெக்கானிக், டிரைவர், செல்போனில் வேன் முதலாளி. காசு கொடுக்கப்போகும் முதலாளி வண்டியைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்த பயணிகளுக்கோ மெஷின் தெரியாது.

சாலையோரப் பட்டறையில் மணிக் கூலி என்ற பேச்சே கிடையாது. கியர்பாக்ஸ் இறக்க இவ்வளவு, பிரேக் லைனிங் மாற்ற இவ்வளவு என்று வேலைக்குத்தான் ரேட். அந்த ரேட்டும் எங்கும் எழுதி மாட்டியிருக்காது. உள்ளூர் லாரிக்காரருக்கு ஒன்று, வெளியூர் நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, ராத்திரி பதினோரு மணிக்கு வேறொன்று. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சித்தூர்ப் பக்கத்தில் பேரத்துக்கு மொழி தடையில்லை. தடை, சந்தேகம்தான்.

காணிப்பாக்கத்துக்கும் சந்தேகத்துக்கும் பழைய உறவு. கொடுக்கல் வாங்கல் தகராறில் சிக்கியவர்கள் இங்கே குளித்துவிட்டு வந்து பிள்ளையார் முன் சத்தியம் செய்வது வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் விடமாட்டார் என்பது நம்பிக்கை. ஆனால் கிளட்ச் பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று கேட்க யாரும் மெக்கானிக்கைச் சன்னதிக்கு அழைத்துப் போவதில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கணக்கு வேறு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். அதை டீலரின் மணி ரேட்டால் பெருக்கினால் லேபர் சார்ஜ். ஊருக்கு ஊர் அந்த ரேட் மாறும். அட்டவணையில் நாலு மணி என்றிருந்தால், ஆள் மூன்று மணியில் முடித்தாலும் ஆறு மணி இழுத்தாலும் பில்லில் நாலுதான். ஆக, அங்கே எழுதியிருக்கும் மணியும் கடிகார மணி அல்ல. அமெரிக்காவில் மோட்டார் வீடு பழுது பார்க்கும் பட்டறைகள் மணிக்கு 100 டாலருக்கு மேல் வாங்குகின்றன. 200-ஐ நெருங்கும் இடங்களும் உண்டு. அங்கும் புலம்பல் இதேதான். எந்த மணி, யாருடைய மணி?

மெக்கானிக் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கப் போகும் முதல் ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. 'சும்மா பார்த்துச் சொல்லுங்கண்ணா' என்பார்கள். உதிரி பாகம் வாங்க டவுனுக்கு பைக்கில் போய் வரும் நேரமும் கணக்கில் வராது. விட்டதை எங்காவது பிடித்தாக வேண்டும். அதனால் கூலியைக் குறைத்துச் சொல்லி, உதிரி பாக விலையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. பின்னால் கடையில் விலை விசாரிக்கும் முதலாளிக்கு இது திருட்டாகப் படுகிறது. நேரத்துக்கு நேராகவே காசு கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும்.

வரியும் சேர்ந்துகொண்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பழுதுபார்க்கும் கூலிக்கு 18 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சின்னப் பட்டறைக்கு இந்த வரி இல்லை. அதனால் அங்கே பில் மலிவு. பல சமயம், பில்லே இல்லை.

இந்தச் சின்னப் பட்டறையின் கையில்தான் இப்போது வேலை நழுவுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி. புது டீசல் வேன்களில் சென்சார்கள், புகையில் துகள் வடிகட்டி. ஒரு சென்சார் கோளாறு சொன்னால் போதும், வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பேனரால் அதைத் தேற்ற முடியாது, ஸ்கேனர் வேண்டும். அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளும் வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்திருந்தன என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. சாலையோர மெக்கானிக் காதால் என்ஜின் சத்தம் கேட்டே பழைய வேன்களைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வேன்கள் ஓடும்வரை அவருக்கு வேலை உண்டு.

அனுபவப்பட்ட டிரைவர்கள் தங்கள் வழியை வைத்திருக்கிறார்கள். போனட்டைத் திறக்குமுன் கூலி வேறு, சாமான் வேறு என்று பேசி முடிப்பார்கள். சொந்த ஊர் மெக்கானிக்கை போனில் பிடித்து, சித்தூர்க்காரரோடு பேச வைப்பார்கள். சாமான் வாங்கக் கூடவே போவார்கள். வேலை முடிந்ததும், தேய்ந்த பழைய பிளேட்டைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் திருப்பதிக்கு வண்டியைக் கிளப்புவார்கள். ஊர் திரும்பியதும் முதலாளியிடம் காட்ட அதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ரசீது.