வீட்டுக் கோழியும் ஊர்ப் பொறுப்பும்

நமது கிராமங்களில் வீட்டுக் கோழி வளர்ப்பை ஒரு தொழிலாக எவரும் எண்ணுவதில்லை. சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்று, இரவில் பஞ்சாரத்தில் அடைந்து, வேண்டும்போது விருந்துக்கோ விற்பனைக்கோ உதவும் பிராணி என்றே அது கருதப்படுகிறது. ஆனால், பெண்மக்கள் எவரையும் கேளாமல் எடுத்தாளக்கூடிய பணம், பல ஏழைக் குடும்பங்களில், கோழி விற்ற காசு ஒன்றேயாகும். பிள்ளைக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்குவதும், திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதும் அக்காசினாலேயாம். அவ்வரவை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் நோயைக் குறித்தும், அதைத் தடுக்கும் வழியைக் குறித்தும் இங்கே சிறிது கூற விரும்புகிறோம்.

பல்லடம் முதலிய இடங்களின் பெரும் பண்ணைகளில் கறிக்கோழி 5, 6 வாரங்களில் 2 கிலோ எடையை எட்டிவிடுகிறது. நாட்டுக் கோழியோ ஒன்றரைக் கிலோ ஆவதற்கே 4, 5 மாதங்கள் வேண்டும். பண்ணைக் கோழியின் துரித வளர்ச்சிக்கு ஏதோ ஊசியே காரணம் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். அது தவறு. பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்த இனமும், அளவறிந்து கலந்த தீவனமுமே காரணமாம். இந்த வீண் வதந்தியால் ஒரு விபரீதமும் விளைந்திருக்கிறது. ஊசியென்றால் அஞ்சும் வழக்கம், உயிர்காக்கும் தடுப்பூசியையும் வீட்டுக் கோழிக்கு எட்டாமற் செய்துவிடுகிறது.

நாம் குறிப்பிட்ட நோய் வெள்ளைக் கழிச்சல். 1927-ஆம் ஆண்டில் குமாவோன் மலைப்பிரதேசத்து ராணிக்கேத்தில் காணப்பட்டமையால் அவ்வூரின் பெயராலும் வழங்குகிறது. கோழி இரையெடுக்காது, வாய்திறந்து மூச்சிரைக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சில கோழிகளுக்குக் கழுத்து முறுகிக்கொள்ளும். கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் மருந்தோ நெடுங்காலமாகவே இருக்கிறது. குஞ்சு பொரித்த 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8-ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. இடையிலும் பின்னரும் வேண்டியவற்றைக் கால்நடை மருத்துவர் கூறுவார்.

இவ்வளவு எளிதாயின் இந்நோய் ஏன் ஒழியவில்லை என்று வாசகர்கள் வினவலாம். காரணம் மிகச் சாமானியமானது. மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ ஆனது. வீட்டிலிருப்பவையோ 10 கோழிகள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர வேண்டும். கரைத்த பின் ஓரிரு மணி நேரத்துக்குள் செலவிட்டாக வேண்டும். தனித்த ஒரு குடும்பம் இதைச் செய்வதெங்ஙனம்? தெருவார் கூடினால் ஒரே காலையில் முடியும் காரியம், கூடாமையால் ஆண்டுகள் பலவாக முடியாமற் கிடக்கிறது. தீவனத்தோடு ஊட்டத்தக்க குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வகுத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும், அதுவும் தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் கிடைத்தாலன்றி முழுப்பயன் தராது.

நோய்க்கு அடுத்தபடியாகக் குஞ்சுகளைக் கொல்வது முதல் மாதத்துக் குளிரும், பருந்தும், கீரியுமேயாம். தாய்க்கோழியில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லாதார் குஞ்சுகளையே பார்த்துக்கொள்க: விளக்கடியில் நெருங்கி மொய்த்தால் குளிர், ஒதுங்கி ஓரத்தை நாடினால் வெப்பம் மிகுதி. தரையில் உலர்ந்த உமி பரப்பி, அதை ஈரமாக விடாதிருத்தல் அவசியம். நம் பெரியோர் பழம்பானையில் சாணமும் வைக்கோலும் நனைத்திட்டு மண்ணில் கவிழ்த்து வைத்து, மறுநாள் அதில் ஏறிய கரையானைக் குஞ்சுகளுக்கு இரையாக்கினர். செலவற்ற புரதம் இதைவிட வேறென்ன உண்டு?

இனி அறுப்பைப் பற்றியும் கூச்சமின்றிக் கூறுவோம். உண்பதென்று துணிந்தவர், அவ்வுயிர் துன்பமின்றி முடியவும், இறைச்சி தூய்மையாயிருக்கவும் பொறுப்பேற்றேயாக வேண்டும். முதல்நாள் இரவே இரையை நிறுத்தி நீர் மட்டும் வைக்க வேண்டும். குடல் காலியானால் கறி அசுத்தப்படாது. கோழியைத் துரத்திப் பிடித்து வெருட்டாமல், கூரிய கத்தியால் ஒரே வீச்சில் முடித்து, தலைகீழாகப் பிடித்து இரத்தம் முழுதும் வடியவிட வேண்டும். இறகு களையக் கொதிநீர் வேண்டுவதில்லை. கொதித்தால் தோல் கிழியும். 60 டிகிரி செண்டிகிரேட் வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கினால் போதும். பின் மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டுவது நம் வழக்கம். ஈரலிலுள்ள பித்தப்பையும் குடலும் உடையாமல் எடுக்க வேண்டும். சமைக்கும்வரை கறி குளிர்ச்சியில் இருத்தல் நலம். பச்சைக்கறி அரிந்த பலகையில் கழுவாது காய்கறி அரிதல் கூடவே கூடாது.

இவ்விடத்தில் ஒரு தீய வழக்கத்தைக் கண்டிக்காமலிருக்க முடியவில்லை. நோய் கண்டதும், வீணாகிவிடுமே என்று அக்கோழிகளை அறுத்து உண்பதும், அவசரமாகச் சந்தையில் விற்பதும், குடலையும் இறகையும் தெருக்கோடியில் எறிவதும் பல ஊர்களில் நடக்கின்றன. ஒரு வீட்டு நோய் ஊர் முழுதும் பரவுவது இவ்வாறே. நோயுற்ற கோழியை உண்ணவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். செத்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். நல்ல கோழியை அறுத்த கழிவையும் புதையுங்கள்.

கோழி வீட்டுச் சொத்தாயினும், அதன் நலம் ஊர்ப் பொறுப்பாகும். இன்று ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அவை கால்நடை மருந்தகத்தோடு பேசி, மாதத்தில் ஒரு காலையைத் தடுப்பு மருந்துக்கென்று ஒதுக்கினால், பணமோ புதுச் சட்டமோ வேண்டுவதில்லை, ஒற்றுமையொன்றே போதும். பல பெண்களின் கைக்காசு இதனால் காக்கப்படும். அடுத்த கழிச்சல் வருமுன் அந்த ஒரு காலையைக் குறித்துவிடுமாறு நம் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.