முறிந்தால் ரூ. 5 லட்சம், முறியாமல் காக்க என்ன வழி?

புது தில்லி: எழுபது வயது நிறைந்த எவரும், வருமான வரம்பு ஏதுமின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெறுவதற்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29-ஆம் தேதி விரிவுபடுத்தப்பட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் மூதாட்டிக்கு இத்திட்டத்தின் கீழ் அறுவைச் சிகிச்சை கிடைக்கும். மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 3 நாள்களின் செலவும், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள்களின் செலவும்கூடக் கிடைக்கும். ஆனால், அந்த எலும்பு முறியாமல் காப்பதற்கு அதில் இடமில்லை. உள்நோயாளிகளுக்கான காப்பீட்டுத் திட்டம் என்பதால், முறிவு நேர்ந்த பிறகே அதன் பணி தொடங்குகிறது.

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோயின் இயல்பே, முறியும் வரை அது வெளியில் தெரியாது என்பதுதான். மூட்டு வலியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்பின் அடர்த்தி குறைவது வலிப்பதில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 2022-இல் 14.9 கோடி பேர் என்றும், 2050-இல் இந்த எண்ணிக்கை 34.7 கோடியாக, அதாவது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக, உயரும் என்றும் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இவர்கள் அனைவருக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் விலை உயர்ந்த மருந்துகளும் கிடைக்கச் செய்வது எந்த அரசுக்கும் எளிதல்ல. எனவே உணவு, வெயில், உடற்பயிற்சி, விழாமல் காத்தல் ஆகிய மருந்தில்லா வழிகள் தனிமனிதரின் விருப்பம் மட்டுமல்ல. பொதுக் கொள்கையின் அங்கமாகவும் ஆகின்றன. மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்று அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு கூறுவது இங்கு குறிப்பிடத்தக்கது.

கணக்கு மாறியது: இந்தியருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கால்சியம் தேவை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வகுக்கின்றன. 2010-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் வயது வந்தோருக்கு 600 மில்லிகிராம் என்றிருந்த அளவு, 2020-இல் 1,000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறைந்தவுடன் எலும்பின் இழப்பு வேகமெடுக்கிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது என்பதால், இழப்பும் முன்னதாகவே தொடங்குகிறது.

இந்த அளவை உணவிலிருந்தே பெற முடியுமா என்றால், முடியும் என்பதே விடை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கிறது. இரண்டு பெரிய தம்ளர் பால் அல்லது அதற்கு ஈடான தயிரில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் கிடைக்கும். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியவை எஞ்சியதை ஈடு செய்யும். பசலைக்கீரையில் கால்சியம் மிகுதியாக இருப்பினும், அதிலுள்ள ஆக்ஸலேட் அதை உடலில் சேரவிடாது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டுவது, புளிக்கவைத்துக் கூழாக்குவது போன்ற பழைய முறைகள், கால்சியத்தைத் தடுக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியே கால்சியம் வெளியேறும்.

உணவு மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு வலுவான சான்று. அறுபது இல்லங்களில் இருந்த 7,195 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான உணவும், மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் இரண்டாண்டுகள் வழங்கப்பட்டன. கூடுதல் பாலுணவு பெற்றவர்களிடையே எலும்பு முறிவுகள் 33 சதவீதமும், இடுப்பு எலும்பு முறிவுகள் 46 சதவீதமும் குறைந்தன. கால்சியத்துடன் புரதமும் சேர்ந்து கிடைத்ததே இதன் சிறப்பு. பருப்பும் பாலும் குறைந்த இந்தியத் தட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடம்.

விருந்தில் கேழ்வரகு; ரேஷனில்?: இந்தியா முன்மொழிந்த தீர்மானத்தின்படி 2023-ஆம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதையொட்டி 2022 டிசம்பர் 20-இல் நாடாளுமன்ற வளாகத்தில் உறுப்பினர்களுக்குச் சிறுதானிய விருந்து நடைபெற்றது; பிரதமர் மோடியும் காங்கிரஸ் தலைவர் கார்கேயும் அதில் பங்கேற்றனர். சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்ன' என்ற பெயர் 2023 நிதிநிலை அறிக்கையில் சூட்டப்பட்டது. கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2013-14-இல் குவிண்டாலுக்கு ரூ. 1,500 ஆக இருந்தது; 2025-26 பருவத்துக்கு ரூ. 4,886.

விலை மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தபோதிலும், ரேஷன் கடைகளில் பெரும்பாலும் அரிசியும் கோதுமையுமே வழங்கப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் சிறுதானியங்களையும் பட்டியலில் சேர்த்திருந்தது. கர்நாடகத்தின் தென் மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு கிடைக்கிறது. ஒடிசா 2017-இல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிகளில் 2020 முதல் கேழ்வரகு லட்டு வழங்கியது. தமிழகத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது. இவை மாநிலங்களின் முன்முயற்சிகளாகவே நிற்கின்றன.

அரசுத் திட்டங்கள் வழியே செறிவூட்டப்பட்ட அரிசி வழங்குவதை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. ஆனால், அந்த அரிசியில் சேர்க்கப்படுபவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை மட்டுமே. எலும்புக்கு வேண்டிய கால்சியமோ, வைட்டமின் 'டி'யோ அதில் இல்லை. பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் 'ஏ', 'டி' சேர்ப்பதற்கான தரநிலைகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவிக்கை செய்தது.

வெயில் உண்டு, பலன் இல்லை: ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் வைட்டமின் 'டி' குறைபாடு பரவலாக இருப்பது முரண்பாடாகத் தோன்றலாம். தில்லியில் நலமாக உள்ளவர்களிடமே இச்சத்து குறைவாக இருப்பதை எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு காரணத்தையும் காட்டியது. காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் 'டி' அளவு சராசரியாக 12.4 நானோகிராம், அப்போது மாசு குறைந்திருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளிடம் 27.1. தோலில் வைட்டமினை உருவாக்கும் புறஊதாக் கதிரைப் புகைமண்டலம் தடுத்துவிடுகிறது. ஆக, தில்லியின் காற்று நுரையீரலோடு எலும்பையும் பாதிக்கிறது.

காலை இளவெயிலே நல்லது என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியன்று. தோலில் வைட்டமின் 'டி' உருவாவது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் என்று திருப்பதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. முகம், கை, கால்களில் சிறிது நேரம் இந்த வெயில் படுவது போதுமானது. கோடையின் கடும் வெப்பத்தில் முதியோர் நீண்ட நேரம் நிற்பது ஆபத்து. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நெருக்கமான சேரிகளிலும் வாழும் பெண்களுக்கு இந்தச் சிறிது நேர வெயிலும் கிடைப்பதில்லை. குறைபாடு இல்லாதவர்கள் மாத்திரையை நாடுவதால் பெரிய பயன் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்ட 'வைட்டல்' ஆய்வு, பொதுவாக அனைவருக்கும் வைட்டமின் 'டி' கொடுப்பது எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022-இல் தெரிவித்தது.

சுமையே மருந்து: எலும்பு, தன் மீது விழும் சுமைக்கேற்ப வலுப்பெறும் உயிருள்ள திசு. புவியீர்ப்பு உணரப்படாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு அடர்த்தியை இழப்பது இதற்குச் சான்று. நடைப்பயிற்சி நல்லதே, ஆனால், அது மட்டும் போதாது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை 30 நிமிடம் வீதம் 8 மாதங்கள் பயிற்றுநர் மேற்பார்வையில் எடை தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் எளிய பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பயிற்றுநர் இன்றித் தாமாக எடை தூக்குவது இவர்களுக்கு ஏற்றதன்று.

முறிவைத் தடுப்பதில் எலும்பின் வலு பாதி. விழாமல் இருப்பது மறுபாதி. சமநிலையைப் பேணும் பயிற்சிகள் முதியோர் விழுவதை 24 சதவீதம் குறைப்பதாக 108 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. யோகாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்கள் இதற்கு உதவும். ஆனால், எலும்பு ஏற்கெனவே பலவீனமானவர்கள் முன்புறம் வளைந்து குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். அவை முதுகெலும்பை நொறுக்கக்கூடும். ஆண்டுதோறும் ஜூன் 21-இல் சர்வதேச யோகா தினம் கொண்டாடப்படும் நாட்டில் இந்த எச்சரிக்கை உரக்கச் சொல்லப்படுவதில்லை. வழுக்காத குளியலறைத் தரை, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவை அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் செலவே அல்ல.

எல்லையும் உண்டு: இயற்கை வழி என்ற பெயரில் எதையும் நம்பிவிடக் கூடாது. தமிழர் பிரண்டை என்றும், வட இந்தியர் 'ஹட்ஜோட்' என்றும் அழைக்கும் கொடி, எலும்பை ஒட்டவைக்கும் என்று நாடெங்கும் நம்பப்படுகிறது. மனிதர்களிடம் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஆதாரமாக இல்லை. ஒருமுறை எலும்பு முறிந்தவர்கள், ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட காலம் உட்கொள்பவர்கள், பரிசோதனையில் அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள் ஆகியோருக்கு உணவும் பயிற்சியும் மருந்துக்குத் துணையாகுமே தவிர, மாற்றாகா. மருத்துவர் தரும் மருந்தை அவர்கள் தாமாக நிறுத்துவது மறுமுறிவுக்கு வழிவகுக்கும்.

ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றப்பட்ட நல்வாழ்வு மையங்களின் பணிப் பட்டியலில் முதியோர் நலன் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. யோகா பயிற்சியும் அங்கு உண்டு. வாரம் இருமுறை சமநிலைப் பயிற்சி, ரேஷனில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு, மதிய உணவில் பால் ஆகியவற்றுக்குப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை. பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் திட்டத்தை 2013-இல் தொடங்கிய கர்நாடகம், 2024-இல் அதனுடன் கேழ்வரகுக் கஞ்சியையும் சேர்த்தது. உச்ச அளவு எலும்பு அடர்த்தி முப்பது வயதுக்குள் உருவாகிவிடுகிறது. 2050-இல் முதியோராகப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை ஏற்கெனவே கடந்துவிட்டனர். அவர்களுக்கு இருப்பதைக் காக்க வேண்டும். இன்று அங்கன்வாடியில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதே ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் உறுப்பினர்கள் அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி.