எந்த வாலிபன் தேறுவான்?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கூடைப்பந்து ஆடும் சிறுவர்கள் பலர் உண்டு. மாலைவேளையில் மைதானத்தைச் சுற்றி நின்று, இன்ன பையன் முன்னுக்கு வருவான், இன்னவன் வரமாட்டான் என்று ஜோசியம் சொல்லும் அன்பர்களும் உண்டு. ஜோசியம் பொய்த்தால் சொன்னவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தையை நம்பிப் படிப்பை விட்ட பையனுக்கும், அதே வார்த்தையைக் கேட்டு மனமுடைந்து பந்தை விட்ட பையனுக்கும் நஷ்டம் பெரிது. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

கூடைப்பந்து நமது பட்டணத்துக்குப் புதியதன்று. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இவ்விளையாட்டை உண்டாக்கினார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றை ஸ்தாபித்தார். தியாகராய நகருக்கு அடுத்த நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. விளையாட்டு பிறந்த இடத்துக்கும் நமக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொடர்பு இருக்கிறது. அப்படியிருந்தும் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயத்தில், இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவரும் இன்றுவரை ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. இதற்குக் காரணம் நம் பையன்களின் திறமைக்குறைவு மட்டுமே என்று சொல்ல நாம் சம்மதியோம்.

இப்பொழுது பேச்சு பெரும்பாலும் 'விங்' ஆட்டக்காரரைப் பற்றியது. பந்தை நடத்திச் செல்லும் 'கார்டு' ஒருபுறம். கூடையடியில் நிற்கும் 'சென்டர்' மற்றொருபுறம். இவ்விருவருக்கும் இடையே களத்தின் ஓரங்களில் ஆடுகிறவரே விங். தூரத்திலிருந்து எறிந்து விழும் பந்துக்கு 3 புள்ளி தரும் விதி என்.பி.ஏ.வில் 1979-லும், சர்வதேச ஆட்டத்தில் 1984-லும் வந்தது. அதுமுதல் இவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே வருகிறது. தூரத்திலிருந்து எறியவேண்டும், பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகவேண்டும், எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரனை மறிக்கவும் வேண்டும். உலகத்துப் பெரிய பந்தயங்களில் இவ்வேலையைச் செய்வோர் சாதாரணமாக 6 அடி 5 அங்குலத்துக்கு மேற்பட்ட உயரமுள்ளவர்கள்.

உதாரணத்துக்கு இரண்டு பையன்களை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 16. ஒருவன் 6 அடி 4 அங்குலம். பள்ளிக்கூடத்திலேயே அவன்தான் உயரமானவன். கூடையடியில் நின்று ஆட்டத்துக்கு 30 புள்ளி சேர்க்கிறான். மற்றவன் 6 அடி. ஓரத்தில் ஆடி 10 புள்ளி சேர்க்கிறான். எதிரணிக் கெட்டிக்காரனை மறிக்கும் பொறுப்பும் அவனுடையதே. பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் முதல்வனுக்கே தீர்ப்பளிப்பார்கள். அந்தத் தீர்ப்பு அப்பீலில் நிற்குமா என்பதே கேள்வி.

முதல்வனுடைய நிலையைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அவன் சென்டர். உலகத்து அளவுகோலில் அவன் உயரம் விங்கின் உயரத்தையே இன்னும் எட்டவில்லை. கூடைக்கு முதுகைக் காட்டி நின்றே பழகிய அவனுக்கு, தூரத்திலிருந்து எறியவும், வேகமாக ஓடுகிறவனைக் காலடி தவறாமல் மறிக்கவும் ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. கோப்பை பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. தொழில் பையனுக்குக் கிடைக்கவில்லை. உயரமான சிறுவனைக் கண்டவுடன் கூடையடியில் நிறுத்திவிடும் வழக்கம் இவ்வாறு பலரைக் கெடுக்கிறது.

இரண்டாமவன் உயரம் போதாதென்று ஒதுக்கப்படுவான். ஆனால் ஸ்காட்டி பிப்பன் பள்ளிப்படிப்பை முடித்தபோது அவர் உயரம் 6 அடி 1 அங்குலந்தான். மத்திய ஆர்க்கன்சா சர்வகலாசாலையில் அணியின் சாமான்களைக் கவனிக்கும் மாணவராகவே அவர் சேர்ந்தார். அங்கே வளர்ந்து 6 அடி 8 அங்குலமானார். 1987-ல் ஐந்தாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டு, சிகாகோ அணியில் ஆறு பட்டங்களை வென்றார். பதினெட்டு வயதில் அவரை ஒரே தடவையாக நிராகரித்திருந்தால், விங் ஆட்டத்துக்கே இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரை உலகம் இழந்திருக்கும்.

பெரும் பணம் செலவிட்டு ஆராயும் அமெரிக்க அணிகளே தடுமாறுவதுண்டு. 2011-ல் டெரிக் வில்லியம்ஸ் என்ற வாலிபரை இரண்டாவதாக எடுத்தார்கள். கவாய் லெனார்டு என்பவரைப் பதினைந்தாவதாக எடுத்தார்கள். ஜிம்மி பட்லர் முப்பதாவதாகத்தான் இடம்பெற்றார். வில்லியம்ஸ் பல அணிகளில் மாறி மாறி ஆடி ஓய்ந்தார். லெனார்டு 2014-லும் 2019-லும் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரரானார். 2015-லும் 2016-லும் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். கல்லூரி நாளில் தூரத்திலிருந்து எறிவதில் அவர் கெட்டிக்காரரல்லர். சான் அன்டோனியோ அணியின் பயிற்சியாளர்கள் அவருடைய எறியும் முறையைத் திருத்தி அமைத்தார்கள். எறிவது கற்பித்தால் வரும். நீண்ட கையும், மறிக்கும் ஊக்கமும், ஆட்டத்தை முன்கூட்டி உணரும் புத்தியும் எளிதில் வருவனவல்ல. விங் ஆட்டக்காரனை மதிப்பிடுவோர் புள்ளிக்கணக்கை வைத்துவிட்டு இவற்றையே முதலில் பார்க்கவேண்டும்.

உயரம் ஒன்றே போதும் என்பாருக்குப் பஞ்சாபைச் சேர்ந்த ஸ்ரீ சத்னாம் சிங்கின் சரித்திரம் பதில் சொல்லும். 7 அடி 2 அங்குல உயரமுள்ள அவரை 2015-ல் டல்லாஸ் அணி 52-வதாகத் தெரிந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் என்.பி.ஏ. களத்தில் அவர் இறங்கவேயில்லை. பின்னர் மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார்.

இனி ஜீவனோபாயத்துக்கு வருவோம். "பந்து சோறு போடுமா?" என்று தகப்பனார் கேட்கும் கேள்வியை இகழ்வது தகாது. சென்னையில் அதற்கு ஒரே ஒரு விடை நெடுங்காலமாக இருந்துவருகிறது: உத்தியோகம். ரயில்வேயும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலிய வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை வளர்த்தன. 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற, இந்தியப் பெண்கள் அணித் தலைவியாயிருந்த ஸ்ரீமதி அனிதா பால்துரை ரயில்வே உத்தியோகஸ்தரே. தமிழ்நாட்டு ஆண்கள் அணி 2022-ல் சென்னையில் தேசியப் பட்டத்தை வென்றதற்கும் இந்த ஏற்பாடு பெரிய துணை. இதை நாம் குறைகூறவில்லை. பல ஏழைக் குடும்பங்களில் விளக்கேற்றியது இதுவே.

ஆனாலும் இதில் ஒரு குறை உண்டு. உத்தியோகம் சான்றிதழைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. சான்றிதழோ பந்தயத்தில் ஜயித்தவனுக்கே கிடைக்கிறது. ஆகவே 16 வயதுப் பையன் இன்றைக்கு ஜயிக்கவேண்டுமே தவிர, 22-ல் எப்படியிருப்பான் என்பது எவருக்கும் கவலையில்லை. வேலை கிடைத்த அன்றே அவன் வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. வேலை கிடைக்காதவன் கதையோ அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. தொழில்முறைப் பந்தயங்களும் ஊன்றி நிற்கவில்லை. 2015-ல் தோன்றிய யு.பி.ஏ. பந்தயம் 2017-க்குப்பின் நின்றது. சென்னை ஸ்லாம் என்ற அணியும் அதனோடு போயிற்று. 2022-ல் ஐ.என்.பி.எல். தொடங்கி, சென்னை ஹீட் என்ற அணி வந்தது. நாலைந்து வருஷம் தொடர்ந்து சம்பளம் வருமென்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த வாலிபனும் தன் இளமையைப் பணயம் வைக்கமாட்டான்.

ஆகாத காரியமா இது? மயிலாப்பூருக்கு அருகே, ஆழ்வார்ப்பேட்டைக் கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள சோவியத் கலாசார நிலையத்தில் 1972-ல் ஸ்ரீ மானுவல் ஆரன் முயற்சியால் டால் சதுரங்கக் கழகம் ஏற்பட்டது. அங்கே ஆடிப் பழகிய ஆனந்த் 1988-ல் கிராண்ட்மாஸ்டரானார். 2024-ல் சென்னை வாலிபர் குகேஷ் உலகப் பட்டத்தையே வென்றார். உட்கார ஓர் இடம், ஓயாத ஆட்டம், தோல்வியையும் வெற்றியையும் கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பெண் முறை, இவை மூன்றும் சதுரங்கத்துக்கு இருந்தன. ஒரு தோல்வியால் எந்தச் சிறுவனும் அங்கே தள்ளப்படவில்லை.

கூடைப்பந்துக்கும் இதுவே வழி. 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பையனையும் எல்லா ஸ்தானங்களிலும் ஆடவிடவேண்டும். உயரம், கைநீளம், எறியும் திறன், தடுப்பாட்டம் ஆகியவற்றை வருஷந்தோறும் அளந்து குறித்துவைத்து, எவன் அதிகம் வளர்ந்தான் என்று பார்க்கவேண்டும். நமது கல்லூரிகள் ஆட்டக்காரனுக்கு இடம் கொடுப்பதோடு நில்லாமல், நாலைந்து மாதம் நடக்கும் லீக் ஆட்டத்தையும் கொடுக்கவேண்டும். சர்க்கார் உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கென்று தமிழ்நாடு வைத்திருக்கும் 3 சதவீத ஒதுக்கீட்டை, ஆட்டம் முடிந்தபின் பெறும் உரிமையாகவும் செய்யவேண்டும். பின்னால் பிழைப்பு உண்டென்று தெரிந்தால் முன்னால் துணிவு தானே வரும்.

அந்த இரண்டு பையன்களில் எவன் தேறுவான் என்று அன்பர்கள் நம்மைக் கேட்டால், இருவருக்கும் இன்னும் ஆறு வருஷம் கொடுங்கள் என்பதே நமது பதில். அந்த ஆறு வருஷத்தைக் கொடுக்கவேண்டியவர்கள் பெற்றோர் மாத்திரமல்லர். இப்பட்டணத்தின் கல்லூரிகளும், வங்கிகளும், சர்க்காருமே.