கீரைக்குள் ஒரு தசமப்புள்ளி

பிறர் திரட்டிய தரவை நாம் எடுத்தாள்வதுதான் இரண்டாம் நிலை ஆய்வு. போன வாரம் அதைப் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். 1961, 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிடுவதில் உள்ள சிக்கலை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் பாலக்கீரை வந்து மறித்துக்கொண்டது.

பாலக்கீரையில் ஏராளமான இரும்புச்சத்து என்ற நம்பிக்கைக்குக் காரணம், 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் யாரோ தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டதுதான். படக்கதை நாயகன் பாப்பாய் கீரை டப்பாவை விழுங்கியதும் அதை நம்பித்தான். இந்தக் கதையை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். இது பரவக் காரணம், 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற ரத்தவியல் மருத்துவர் எழுதிய கட்டுரை. தலைப்பு ‘போலி!’. விஞ்ஞானத்தில் நடந்த புளுகுகளைத் தோலுரிக்க எழுதியது. கீரைக் கதைக்கு அதில் ஆதாரம் எதுவும் தரப்படவில்லை.

மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் இதைத் துருவப் புகுந்தார். (குற்றவியல்காரருக்குக் கீரைக்கட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், துப்புத் துலக்குபவருக்கு எல்லாம் ஒன்றுதான்.) ஹாம்ப்ளினையே கேட்டுப் பார்த்தார். எங்கே படித்தோம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. புள்ளி நழுவியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2010இல் சட்டன் எழுதினார். பாப்பாய் சங்கதி இன்னும் ருசி. 1932இல் வந்த ஒரு படக்கதையில் கீரை தின்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: அதில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறதாம். இரும்பைப் பற்றிப் பேச்சே இல்லை!

பத்து மடங்கு வித்தியாசம் வரப் புள்ளி நழுவத்தான் வேண்டுமா? பச்சைக் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்த்திய கீரையில் அளந்ததைப் பச்சைக் கீரைக்குச் சொன்னால் போதும், எண்ணில் ஒரு பிழையும் இல்லாமலே பத்து மடங்கு ஏறிவிடும். கைமாறும்போது எண் அப்படியே வந்து சேர்கிறது. ‘உலர்ந்த நிலையில்’ என்ற இரண்டு சொற்கள்தான் வழியில் உதிர்கின்றன. அட்டவணையில் எண்ணைவிட அடிக்குறிப்பை முதலில் படிக்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான்.

நார்வே மானுடவியலாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் இந்தக் கீரைக் கதையையே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டும் பழக்கத்தால் ஆய்வு உலகிலும் வதந்திகள் எப்படி வேர்விடுகின்றன என்பதுதான் அதன் பொருள். பிழையைத் திருத்தக் கிளம்பிய கதையே பிழையாகிக் கைமாறிக்கொண்டிருந்தது. திருத்தம் என்று வந்துவிட்டால் யாரும் மூலத்தைக் கேட்பதில்லை போலும்.

‘சார், கீரை போதும், பக்கம் நிறைஞ்சிடுச்சு’ என்கிறார் துணையாசிரியர். ஆகவே கணக்கெடுப்பு அடுத்த வாரத்துக்கு. 1961இல் போலன்றி, 1971இல் ஒருவருடைய முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். வீட்டைக் கவனித்தபடி வயலுக்கும் போய்வந்த பெண்கள் ஏராளமானோர் உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே போனார்கள். இரண்டு பட்டியலையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்தே ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுவிட்டதாகத் தோன்றும்.