கேம்ல ஓடுற டீசல் இன்ஜின் ஏன் ஷேர் ஆட்டோ மாதிரி கத்துது? சத்தத்தைச் சரிசெய்வது எப்படி?

ரயில் சிமுலேட்டர் ஓட்டுறவங்களுக்கு இந்த ஏமாற்றம் பழகிப்போன ஒன்று. சிக்னல், பிளாட்பாரம், பெட்டி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். இன்ஜின் சத்தம் மட்டும் ஒட்டவே ஒட்டாது. கிளம்பும்போது பரவாயில்லை ரகம். வேகம் ஏற ஏற, 2,600 குதிரைத்திறன் கொண்ட டீசல் இன்ஜின் ஷேர் ஆட்டோ போலக் கீச்சிட ஆரம்பிக்கும்.

உடனே பலரும் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். சிலர் ஹெட்போனையே மாற்றுவார்கள். ஆனால் சிக்கல் அங்கே இல்லை. அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்ந்து மாறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கு. நம் ஊர்த் தண்டவாளங்களில் பல பத்தாண்டுகள் ஓடிய டபிள்யூடிஎம்-2 இன்ஜினையும், இலவச சிமுலேட்டரான ஓப்பன் ரெயில்ஸையும் வைத்து இதைப் பார்ப்போம்.

நின்றபடியே உறுமுவது ஏன்?

காரில் இன்ஜினும் சக்கரமும் கியர் வழியாக இணைந்திருக்கும். டபிள்யூடிஎம்-2 அப்படி இல்லை. அதில் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

அதனால் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை முடிவு செய்வது ரயிலின் வேகம் அல்ல. லோகோ பைலட் வைக்கும் ‘நாட்ச்’. இதில் மொத்தம் எட்டு நாட்ச். கனமான சரக்கு ரயிலை மேட்டில் இழுக்கும்போது வேகம் 15 கிலோமீட்டர்தான் இருக்கும். இன்ஜினோ எட்டாவது நாட்ச்சில் முழுக் குரலில் முழங்கும். அதே ரயில் சரிவில் 70-ல் உருளும்போது நாட்ச் பூஜ்யத்தில் இருக்கும். இன்ஜின் ஐடிலில் ‘டக டக’ என்று சும்மா இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

டபிள்யூடிஎம்-2-ல் இருப்பது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. எட்டாவது நாட்ச்சில் 1,000 சுற்று. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அப்படியென்றால் ஐடிலில் நொடிக்குச் சுமார் 53 வெடிப்பு. முழு நாட்ச்சில் சுமார் 133.

பிறகு வந்த டபிள்யூடிபி-4-ல் இருப்பது இஎம்டி நிறுவனத்தின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். அதிலும் 16 சிலிண்டர்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். 900 சுற்றில் நொடிக்கு 240 வெடிப்பு. ஆல்கோவுக்கு இஎம்டி சத்தத்தைப் போட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடுவது இதனால்தான்.

இந்த ‘எஸ்எம்எஸ்’ வேற!

முதலில் ஒரு எளிய சோதனை. பிரேக்கைப் போட்டு ரயிலை நிறுத்திக்கொண்டு, நாட்ச்சை மெல்ல ஏற்றுங்கள். இன்ஜின் குரல் மாறவே இல்லையென்றால், அது ரயிலின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அதை உறுதிசெய்ய, அந்த இன்ஜினின் ‘எஸ்எம்எஸ்’ ஃபைலைத் திறக்க வேண்டும். செல்போன் எஸ்எம்எஸ் இல்லை. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் காலத்து ஃபைல் வகை இது. ஓப்பன் ரெயில்ஸும் இதையே படிக்கிறது. வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். பெரும்பாலும் ஓர் இன்ஜினுக்கு இரண்டு இருக்கும்: வெளியே கேட்பதற்கு ஒன்று, கேபினுக்குள் கேட்பதற்கு ஒன்று.

உள்ளே நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்கும். எந்த ஒலிப்பதிவு? எப்போது தொடங்க வேண்டும்? எவ்வளவு சத்தமாக? எந்தச் சுருதியில்? கடைசிக் கேள்விக்கான பதில் ‘ஃப்ரீக்வென்சி கர்வ்’ என்ற பகுதியில் இருக்கிறது. அங்கே ‘ஸ்பீட் கன்ட்ரோல்டு’ என்று இருந்தால் சுருதி ரயிலின் வேகத்தைப் பின்தொடரும். ‘வேரியபிள்2 கன்ட்ரோல்டு’ என்றால் டீசல் இன்ஜினின் சுழற்சியைப் பின்தொடரும். இன்ஜின் ஒலிக்கு இரண்டாவதுதான் சரி. அப்படி மாற்றும்போது, அதன் கீழே உள்ள கர்வ் புள்ளிகளையும் வேகக் கணக்கிலிருந்து சுழற்சிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். சரியாக ஒலிக்கும் வேறொரு டீசல் இன்ஜின் ஃபைலைப் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டால் வேலை சுலபம். சக்கர உருளல் ஒலியை மட்டும் தொடாதீங்க. அது வேகத்தோடுதான் போகணும்.

கை வைக்கும் முன் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். சேமிக்கும்போது பழைய யூனிகோட் அமைப்பிலேயே சேமியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிக் கேளுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்றே தெரியாது.

இழுத்தால் கிழியும்

இதற்குப் பிறகும் கீச்சுக்குரல் போகவில்லையா? ஒரே பதிவை அளவுக்கு மீறி இழுத்திருப்பார்கள். சிமுலேட்டர் சுருதியை ஏற்றுவது பதிவை வேகமாக ஓட்டித்தான். 44,100 ஹெர்ட்ஸ் பதிவை 88,200-ல் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். ஐடில் பதிவை வைத்தே எட்டாவது நாட்ச் வரை போவதென்றால் இரண்டரை மடங்கு இழுக்க வேண்டும். வெடிப்பின் சுருதி சரியாக வரும். ஆனால் இன்ஜின் உடம்பின் அதிர்வு, புகைபோக்கியின் முழக்கம் எல்லாமே சேர்ந்து சுருங்கிவிடும். பெரிய இன்ஜின் பொம்மை இன்ஜின் ஆவது இப்படித்தான்.

தீர்வு: ஐடில், மூன்று, ஐந்து, எட்டு என நாலு நாட்ச்சுக்குத் தனித்தனிப் பதிவு. ஒவ்வொன்றையும் கொஞ்சம் மட்டும் இழுத்து, ஒன்று தேயும்போது அடுத்தது வளரும்படி வால்யூமைப் பின்ன வேண்டும். கூடவே, ‘என்ஜி’ ஃபைலில் சுழற்சி நொடிக்கு எவ்வளவு ஏறலாம் என்ற அளவையும் பாருங்கள். அசல் ஆல்கோ நாட்ச் வைத்ததும் துள்ளாது. புகையைக் கக்கி, சில நொடி எடுத்து, மெல்ல எழும். அந்தத் தாமதம் இல்லையென்றால் எவ்வளவு நல்ல பதிவும் ஸ்விட்ச் போட்டது போலத்தான் ஒலிக்கும்.

கேபின் ஒலிக்கு வெளிச் சத்தத்தைக் குறைத்துப் போட்டால் மட்டும் போதாது. தகடும் கண்ணாடியும் மேல்சுருதியை அதிகம் தடுக்கும். அடிமுழக்கம் ஊடுருவி வரும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் மேல்சுருதியை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

போனிலேயே பதிவு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் போனின் தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடும் இரைச்சல் நீக்கமும் எதிரிகள். இன்ஜின் முழங்கும்போது போன் தானாகவே சத்தத்தை அமுக்கிவிடும். இரண்டையும் அணைக்க முடிகிற ஆப்பில், ‘வேவ்’ வடிவில் பதியுங்கள். திரும்பத் திரும்ப ஓடும் துண்டின் தொடக்கமும் முடிவும் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். பிளாட்பாரத்தில் நின்று பதிவதே போதும். தண்டவாளத்தில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றமும்கூட.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?

ஓட்டுபவருக்கு இந்தச் சத்தம் வெறும் அலங்காரம் இல்லை. மீட்டரைப் பார்க்காமலேயே இன்ஜின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். தவறான சத்தம் தவறான தகவல்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆல்கோ நிறுவனம் 1969-லேயே இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 1964 முதல் வாரணாசியில் உருவாகி, ஈரோடு, பொன்மலை ஷெட்களில் வளர்ந்த அதன் வாரிசுகளும் மின்மயமாக்கலால் விடைபெற்று வருகின்றன. இன்ஜினை மியூசியத்தில் நிறுத்திவைக்கலாம். எட்டாவது நாட்ச்சில் சுமை இழுக்கும் அதன் குரலை அங்கே நிறுத்திவைக்க முடியாது. அடுத்த தலைமுறை அதைக் கேட்கப்போவது பதிவுகளிலும் சிமுலேட்டரிலும்தான். அங்கே அது ஷேர் ஆட்டோவாகக் கத்தினால், ஆல்கோ அப்படித்தான் இருந்தது என்றே அவர்கள் நம்பிவிடுவார்கள்.