கஞ்சா கலந்த தின்பண்டங்கள்: எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எங்கே வைக்க வேண்டும்?

புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டல், நீண்டகால நரம்பு வலி ஆகியவற்றுக்காகக் கஞ்சா கலந்த தின்பண்டங்களை உட்கொள்ளும் நோயாளர் சிலர் எம்மிடம் சிகிச்சை பெறுகின்றனர். கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபர் 17 இல் சட்டபூர்வமாகியது. உண்ணும் வகைகளுக்கான விதிகள் சரியாக ஓராண்டின் பின் நடைமுறைக்கு வந்தன. மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த பொதியைப் பற்றி, "இதை இன்னும் சாப்பிடலாமா, டொக்டர்?" என்று நோயாளரும் குடும்பத்தினரும் கேட்பதுண்டு.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. உணவு பழுதடைந்துவிட்டதா என்பது ஒன்று. அதிலுள்ள மருந்து வலுவிழந்துவிட்டதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை வெவ்வேறானது.

உணவின் ஆயுள்

கஞ்சா சேர்ந்திருப்பதால் எந்த உணவும் கூடுதல் காலம் கெடாமல் இருப்பதில்லை. பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து வீட்டில் செய்த கேக், சாதாரண கேக்கைப் போலவே சில நாட்களில் பழுதடையும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று, நான்கு நாட்களுக்குள் உண்ண வேண்டும். வீட்டில் தயாரித்த கஞ்சா எண்ணெயையும் வெண்ணெயையும் அறை வெப்பநிலையில் வைக்கலாகாது. ஈரமுள்ள தாவரத் துகள்கள் எண்ணெயினுள் காற்றின்றிக் கிடக்கும்போது, கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு.

கடையில் வாங்கும் ஜெலி இனிப்பும் சொக்லேட்டும் ஈரப்பதம் குறைந்தவை. ஆகவே மாதக்கணக்கில் தாங்கும். பழைய சொக்லேட்டின் மேல் தோன்றும் வெண்படலம் பெரும்பாலும் அதன் கொழுப்பே, அதனால் தீங்கில்லை. பஞ்சுபோன்ற பூஞ்சணம் படர்ந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ எறிந்துவிடுங்கள். கீமோதெரபி பெறுபவர்களுக்கு நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், ஐயம் தோன்றினாலே தவிர்ப்பது நன்று.

மருந்தின் ஆயுள்

கஞ்சாவில் மயக்கத்தைத் தரும் பொருள் ரி.எச்.சி. எனப்படும். ஒளி, வெப்பம், காற்று ஆகிய மூன்றும் அதை மெல்ல மெல்லச் சிதைத்து, வலுக்குறைந்த வேறொரு பொருளாக மாற்றுகின்றன. இம்மாற்றம் மிக மெதுவானது. உலர்ந்த கஞ்சாவை அறை வெப்பநிலையில் வைத்து ஆராய்ந்தபோது, ஓராண்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ரி.எச்.சி. குறைந்திருந்தது. நான்கு ஆண்டுகளின் பின்னரும் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. தின்பண்டங்களில் இவ்வேகம் தயாரிப்புக்கேற்ப மாறுபடும். எனினும், திகதி கடந்தது என்பதால் மருந்து நீங்கிவிட்டது என்று எவரும் கருதலாகாது.

இத்தவறான எண்ணத்தினால் ஆபத்து நேர்கிறது. "பழையதுதானே, வேலை செய்யவில்லைப் போலும்" என்று ஒரு மணி நேரத்தில் இரண்டாவது துண்டை உண்பவர்கள் உள்ளனர். உண்ட கஞ்சாவின் விளைவு தெரிய 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை செல்லும். உச்சத்தை எட்ட ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகலாம். முதல் துண்டு வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். முதியோர் தலைசுற்றி விழுவதற்கும், நெஞ்சு படபடத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதற்கும் இது காரணமாகலாம்.

சில பொதிகளில் காலாவதித் திகதிக்குப் பதிலாக, அது தீர்மானிக்கப்படவில்லை என்ற வாசகம் இருக்கும். தயாரிப்பாளர் அதைச் சோதித்து நிறுவவில்லை என்பதே அதன் பொருள். என்றென்றும் வைத்திருக்கலாம் என்பதல்ல.

வைக்கும் முறை

குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடமே ஏற்றது. அடுப்புக்கு மேலுள்ள தட்டும், வெயிலில் நிற்கும் காரும் ஏற்றவையல்ல. காரின் வெப்பத்தில் ஜெலி இனிப்புகள் உருகி ஒரே கட்டியாகிவிட்டால், ஒரு துண்டின் அளவு எவ்வளவு என்று அறிய வழியில்லை. அத்தகைய கட்டியை வெட்டி உண்ணாதீர்கள். பொதியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப் பொதியிலேயே வைத்திருங்கள். அயலார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தால், பெயரற்ற பிஸ்கட் டின்னிலோ பழைய ஜாடியிலோ மாற்றி வைப்பதுண்டு. கூச்சம் இயல்பானதே. ஆனால், சிவப்பு எண்கோண எச்சரிக்கைக் குறியும், பிள்ளைகள் எளிதில் திறக்க முடியாத மூடியும் அப்போது இல்லாமற் போகின்றன. பேரப்பிள்ளை அதைச் சாதாரண இனிப்பு என்றே எண்ணும்.

கனடாவில் தின்பண்டப் பொதி ஒன்றில் ரி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. வளர்ந்தவர் ஒருவருக்கு இது மிதமான அளவாக இருக்கலாம். சிறு குழந்தையை இது கடும் உறக்கத்தில் ஆழ்த்தக்கூடும். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்களில் தின்பண்ட விற்பனை தொடங்கிய பின், கஞ்சா நஞ்சேறி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் வீதம், சட்டமாற்றத்துக்கு முன்பிருந்ததை விட ஏழு மடங்குக்கும் மேலாகியது. கஞ்சா மிட்டாயும் சொக்லேட்டும் விற்க அனுமதிக்காத கியூபெக்கில் உயர்வு அதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே பூட்டுள்ள பெட்டியை, உணவுப்பொருட்களோடு சேராத உயரமான இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க நேர்ந்தாலும் பூட்டுப் பெட்டியினுள்ளேயே வையுங்கள். விருந்தினரின் கைப்பையும் பிள்ளைகளுக்கு எட்டாதிருக்கட்டும்.

வேண்டாதபோது, தவறி உண்டபோது

தேவையற்றதைத் தண்ணீரும் பூனை மணலும் சேர்த்துக் குழைத்து, பையில் கட்டிக் குப்பையில் இடுங்கள். முழுத்துண்டாக எறிந்தால் பிள்ளையோ வளர்ப்பு நாயோ எடுக்கக்கூடும்.

பிள்ளை உண்டுவிட்டதாக ஐயம் இருந்தால், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் நச்சுத் தகவல் மையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் உடனே அழையுங்கள். எழுப்ப முடியாத உறக்கம், மூச்சுத் தளர்வு, வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் 911 ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொதியைக் கையோடு கொண்டு வாருங்கள். கஞ்சாதான் என்பதைத் தயங்காது சொல்லுங்கள். காரணம் தெரியாதபோது, மூளைக்காய்ச்சலா, தலைக்காயமா என்று அறிய நாங்கள் பல சோதனைகளைச் செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல் குழந்தையை அவற்றிலிருந்து காக்கக்கூடும்.

இன்றே உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். திகதியைப் பாருங்கள், அது யார் கைக்கு எட்டுகிறது என்பதையும் பாருங்கள்.